தன் கையால் எழுதும் செக்ரோல்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் செக்ரோல் என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து, யார் வந்தார், யார் வரவில்லை, யார் எத்தனை கிலோ கொழுந்து நிறுத்தார் என்று கிராணி எழுதி வைக்கும் ஏடு. மாதக் கடைசியில் சம்பளம் அதைப் பார்த்துத்தான் வரும். ஒரு மனிதரின் முப்பது நாளும் அதில் ஒற்றை வரிக்குள் அடங்கிவிடும். ஆள் வந்தாரா என்பதற்குக் கட்டம் உண்டு. அன்று அவர் மனம் எப்படி இருந்தது என்பதற்குக் கட்டம் கிடையாது.

உளவியலிலும் ஒரு செக்ரோல் இருக்கிறது. விடியற்காலை ஐந்து மணி தொடங்கி இரவு பத்து மணி வரை மணிக்கு ஒரு கட்டம். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்தேன் என்று இரண்டு சொல் எழுத வேண்டும். பக்கத்தில், அப்போது மனம் எப்படி இருந்தது என்பதற்குப் பூஜ்யம் முதல் பத்துக்குள் ஓர் எண். எழுதுபவர் மனச்சோர்வில் இருப்பவரேதான். இந்தத் தாளை நடுவில் வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை நடக்கும் பேச்சுக்குச் செயலூக்கச் சிகிச்சை என்று பெயர். மனச்சோர்வுக்கான பேச்சுச் சிகிச்சைகளில் மிக எளியது இது. மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்டவற்றிலும் ஒன்று. அந்தச் சோதனைகளின் கதைதான் இந்த அத்தியாயம். அமெரிக்காவில் தொடங்கி, கோவா வழியாக, மலேசியாவின் கேமரன் மலையில் உள்ள திரிங்காப்பில் போய் நிற்கும் கதை.

ஒரு நாளின் கட்டங்கள்

பிரிஞ்சாங்கைத் தாண்டிக் கம்போங் ராஜா போகும் சாலையில் இருக்கிறது திரிங்காப். சரிவெங்கும் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். அருகில் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம். அங்கே ஒரு பெண்மணியை மனத்தில் வைத்துக்கொள்வோம். அவர் கற்பனைதான். ஆனால் அவரைப் போன்ற ஒருவரைத் தெரியாத தோட்டத்துக் குடும்பம் இருக்காது.

வயது அறுபத்திரண்டு. நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர். வேலை நின்றதும் தோட்டத்து வீட்டைக் காலி செய்து, மகன் வாடகைக்கு எடுத்த வீட்டுக்கு வந்துவிட்டார். கணவர் இல்லை. மகள் ஈப்போவில். தூக்கம் இல்லை, சாப்பாட்டில் ருசி இல்லை, உடம்பெல்லாம் அசதி. "மனச்சோர்வு" என்ற சொல் அவர் வாயில் வராது. "ஒரே யோசனையா இருக்கு" என்பார். "நெஞ்சு பாரமா இருக்கு" என்பார். கிளினிக்கில் ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள்.

அவரிடம் அந்தத் தாளைக் கொடுத்தால், ஒரு நாள் இப்படி நிரம்பும். ஐந்து மணி: முழிப்பு வந்தது, படுத்தே இருந்தேன், 2. ஆறு மணி: படுக்கை, 1. ஏழு மணி: மருமகள் தேத்தண்ணி கொடுத்தாள், 2. எட்டிலிருந்து பதினொன்று வரை: நாற்காலி, டிவி, 1. பதினொன்று: மகள் கூப்பிட்டாள், போனை எடுக்கவில்லை, 1. இரண்டு மணி: பேரன் பள்ளி விட்டு வந்து பேசினான், 4. நாலு மணி: பக்கத்து வீட்டில் கொடுத்த சாமந்தியைத் தொடுத்தேன், 5. மாலை ஐந்து மணி: படுக்கை, 2.

"இந்த வாரம் எப்படிம்மா இருந்தது?" என்று கேட்டால், "ஒரு நாளும் நல்லா இல்லை" என்பதுதான் அவர் பதில். அவர் பொய் சொல்லவில்லை. சோர்ந்த மனத்துக்குச் சோர்ந்த நினைவுகளே முதலில் கையில் அகப்படும். நினைவைப் பற்றிய ஆய்வுகள் பல முறை காட்டிய உண்மை இது. வாரக் கடைசியில் திரும்பிப் பார்க்கும்போது அந்த நாலும் ஐந்தும் மறைந்துபோயிருக்கும். தாளில் மட்டும் அவை மறையாது. ஆலோசகர் விரலை வைத்துக் காட்டுவார்: "இங்க பாருங்கம்மா, பூத் தொடுத்தப்ப அஞ்சு போட்டிருக்கீங்க."

சிகிச்சை அந்த விரல் நுனியில் தொடங்குகிறது. பூத் தொடுத்தபோது ஏன் ஐந்து? ஒரு காலத்தில் வெள்ளிக்கிழமை தோறும் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குச் சரம் கட்டியவர் அவர். எப்போது நின்றது? வீடு மாறியபோது. மறுபடி தொடுக்க முடியுமா? "மனசு நல்லா ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பார். மனச்சோர்வில் இருக்கும் எல்லோரும் சொல்லும் வாக்கியம் இது. செயலூக்கச் சிகிச்சை இந்த வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறது: மனம் சரியாகும்வரை கை காத்திருக்க வேண்டாம், கை முன்னே போகட்டும், மனம் பின்னே வரும்.

ஆனால் வெறுமனே "எழுந்து ஏதாவது செய்யுங்கள்" என்று சொல்வது சிகிச்சை ஆகாது. அதை வீட்டில் எல்லோரும் சொல்லிச் சொல்லித் தோற்றிருப்பார்கள். ஆலோசகர் நுணுக்கமாகக் கேட்பார். எந்தக் கிழமை? எத்தனை மணிக்கு? பூ யார் கொண்டு வருவார்? நூல் வீட்டில் இருக்கிறதா? மழை பெய்தால்? முட்டி வலித்தால்? ஒரு முழம் போதும் என்று முடிவு செய்து, அதைத் தாளில் வெள்ளிக்கிழமை நாலு மணிக் கட்டத்தில் அவர் கையாலேயே எழுதச் சொல்வார். அடுத்த வாரம் செய்தாரா இல்லையா என்று கேட்பார். செய்யாவிட்டால் குறை சொல்ல மாட்டார். குறுக்கே நின்றது எது என்று இருவரும் சேர்ந்து தேடுவார்கள்.

சுழல் எப்படிச் சுற்றுகிறது

இதன் அடிப்படையை 1970களில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்து உளவியலாளர் பீட்டர் லெவின்சன் வகுத்தார். நாம் செய்யும் காரியங்கள் நமக்கு ஏதோ ஒன்றைத் திருப்பித் தருகின்றன: ஒரு புன்னகை, ஒரு பாராட்டு, முடித்த வேலையின் நிறைவு. இழப்போ நோயோ இடமாற்றமோ வரும்போது அந்த வரவு குறைகிறது. வரவு குறைந்தால் மனம் தளர்கிறது. தளர்ந்த மனம் இன்னும் குறைவாகச் செய்கிறது. வரவு இன்னும் சுருங்குகிறது. இழந்த இன்பங்களைத் தேடிப் பிடிக்க லெவின்சனும் அவருடன் பணியாற்றியவரும் 320 சின்னச் சின்ன மகிழ்ச்சிகளின் பட்டியலையே தயாரித்தார்கள்.

சுழலை இறுக்கும் இன்னொரு கயிறு தவிர்ப்பு. மகள் கூப்பிடும்போது போனை எடுக்காமல் விட்டால் அந்த நிமிடம் ஒரு நிம்மதி. என்ன பேசுவது என்ற பாரம் இறங்கிவிடுகிறது. அந்த நிம்மதியே பரிசாகிறது. நாளைக்கும் எடுக்கத் தோன்றாது. பத்து நாளில் மகள் கூப்பிடுவதைக் குறைத்துக்கொள்வாள். "என்னை யாரும் தேடுவதில்லை" என்ற எண்ணத்துக்கு அப்போது சாட்சியும் கிடைத்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சோம்பலாகத் தெரிவது, உள்ளே வலியிலிருந்து தப்பிக்கும் முயற்சி. இதைப் புரிந்துகொண்ட வீட்டில் திட்டு பாதியாகக் குறையும்.

பிரித்துப் பார்த்த ஆய்வு

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஃபிலடெல்பியாவில் ஆரோன் பெக் உருவாக்கிய சிந்தனைச் சிகிச்சை உலகெங்கும் புகழ் பெற்றது. அது மூன்று அடுக்கு கொண்டது. முதலில் நோயாளியைச் சிறு செயல்களில் ஈடுபடுத்துவது. அடுத்து, மனத்தில் தானாக எழும் கறுப்பு எண்ணங்களைப் பிடித்துக் கேள்வி கேட்பது. கடைசியாக, "நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்பது போன்ற ஆழ்ந்த நம்பிக்கைகளை அசைப்பது. அந்த மூன்றாவது அடுக்கில்தான் உண்மையான குணம் இருக்கிறது என்று நம்பினார்கள். செயல் என்பது வாசற்படி மட்டுமே.

சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து மருத்துவ உளவியலாளர் நீல் ஜேக்கப்சன் இந்த நம்பிக்கையைச் சோதனைக்கு உட்படுத்தினார். மனச்சோர்வுள்ள 150 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்குச் செயல் மட்டும். இன்னொரு குழுவுக்குச் செயலும் எண்ணங்களும். மூன்றாவதற்கு முழுச் சிகிச்சை. சிகிச்சை தந்தவர்கள் சிந்தனைச் சிகிச்சையில் தேர்ந்தவர்கள். முழுச் சிகிச்சைதான் வெல்லும் என்று எதிர்பார்த்தவர்கள். 1996ல் முடிவு வெளியானது. மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தன. வாசற்படி என்று நினைத்தது வீட்டையே தாங்கி நின்றது.

ஜேக்கப்சன் 1999ல் ஐம்பது வயதில் இறந்தார். அவர் தொடங்கி வைத்த அடுத்த ஆய்வை, அதே குழுவில் இருந்த இளம் மருத்துவ உளவியலாளர் சோனா டிமிஜியன் முதல் ஆசிரியராக 2006ல் வெளியிட்டார். 241 பேர். செயலூக்கம், சிந்தனைச் சிகிச்சை, மருந்து ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களிடம் செயலூக்கம் மருந்துக்கு இணையாக நின்றது. சிந்தனைச் சிகிச்சையை மிஞ்சியது.

பத்து வருடம் கழித்து, 2016ல், இங்கிலாந்தில் எக்ஸிட்டரின் டேவிட் ரிச்சர்ட்ஸ் குழு 440 பேரிடம் இன்னொரு கேள்வியைச் சோதித்தது. நீண்ட பயிற்சி பெற்ற வல்லுநர்கள் தரும் முழுச் சிகிச்சைக்கு, குறைந்த பயிற்சி பெற்ற இளநிலைப் பணியாளர்கள் தரும் செயலூக்கம் ஈடாகுமா? ஈடானது, செலவும் குறைந்தது. பேச்சுச் சிகிச்சை என்ற பெரிய கலையிலிருந்து வேலை செய்யும் பகுதியைப் பிரித்தெடுத்து, அதை எளியவர்களுக்கும் கற்றுக்கொடுக்க முடியும் என்பதே இந்த இருபது வருட ஆய்வின் சாரம்.

கோவாவில் ஊர்க்காரர்களின் கையில்

அந்த எளிமை எங்கே மிகவும் தேவையோ அங்கே அதைக் கொண்டுபோனவர்கள் கோவாவின் சங்காத் அமைப்பினர். 1996ல் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலும் நண்பர்களும் தொடங்கிய அமைப்பு அது. மருத்துவ உளவியலாளர்களும் மனநல மருத்துவர்களும் விரல் விட்டு எண்ணும் அளவுக்கே இருக்கும் நாட்டில், ஊர்க்காரர்களையே பயிற்றுவித்தால் என்ன என்று கேட்டார்கள்.

முதல் பெரிய முயற்சியான மானஸ் ஆய்வின் முடிவு 2010ல் லான்செட் இதழில் வந்தது. 24 மருத்துவ நிலையங்கள், 2796 நோயாளிகள். அரசு நிலையங்களில் நல்ல பலன்: ஆறு மாதத்தில் ஏறக்குறைய 66 சதவீதம் பேர் தேறினார்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 42.5 சதவீதம். தனியார் மருத்துவர்களின் கிளினிக்குகளிலோ இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. அந்தப் பாதி வெற்றியையும் மறைக்காமல் எழுதினார்கள். அறிவியலின் மீது நம்பிக்கை பிறப்பது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

அடுத்த ஆய்வு முழுக்கவே செயலூக்கம். சோனா டிமிஜியனும் இதன் வடிவமைப்பில் பங்கெடுத்தார். பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வு கொண்ட 495 பேர். பாதிப் பேருக்கு ஆறு முதல் எட்டு சந்திப்பு, ஒவ்வொன்றும் அரை மணி முதல் நாற்பது நிமிடம். நடத்தியவர்கள் உளவியல் படிக்காத உள்ளூர் ஆட்கள். "டிப்ரஷன்" என்ற சொல்லைத் திணிக்காமல், மக்கள் சொல்லும் "டென்ஷன்" என்ற சொல்லிலிருந்தே பேச்சைத் தொடங்கினார்கள். உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து, ஆலோசகர்களே கூடி உட்கார்ந்து கேட்டு, ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டுத் திருத்திக்கொண்டார்கள்.

2017ல் வந்த முடிவு: மூன்று மாதத்தில் சிகிச்சை பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் மனச்சோர்வு எல்லைக்கு வெளியே வந்திருந்தார்கள். மற்றவர்களில் 39 சதவீதம். ஒரு வருடம் கழித்தும் பலன் நிலைத்திருந்தது. குணமானதற்குக் காரணம் என்னவென்று தோண்டியபோது, நோயாளிகளின் அன்றாடச் செயல்கள் கூடியதே அதில் பெரும் பங்கை விளக்கியது.

அந்த 39 என்ற எண்ணின் அருகே சற்று நிற்க வேண்டும். சிறப்புச் சிகிச்சை இல்லாமலேயே பத்தில் நான்கு பேர் தேறியிருக்கிறார்கள். மனச்சோர்வுக்கு ஏறி இறங்கும் குணம் உண்டு. இடிந்துபோய்க் கிடக்கும் நாளில்தான் ஒருவர் உதவி தேடி வருவார். அடுத்த மாதம் சிலருக்குத் தானாகவே கொஞ்சம் தெளியும். எந்தத் தாயத்தும் எந்த டானிக்கும் "எனக்குக் கேட்டது" என்று சொல்ல நாலு பேரைப் பெற்றுவிடுவது இதனால்தான். 64க்குப் பக்கத்தில் 39 இல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கும், நூற்றுக்கு 25 பேர்தான் சிகிச்சை கொடுத்த வரம்.

இதே வழியில், ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா பாட்டிமார்களைப் பயிற்றுவித்து, கிளினிக் வாசலில் மரப் பெஞ்சில் உட்கார வைத்தார். அவர்கள் பயன்படுத்தியது செயலூக்கத்தின் உறவுமுறையான பிரச்சினை தீர்க்கும் சிகிச்சை. 573 பேரிடம் நடந்த அந்த ஆய்வு 2016ல் வெளியாகி உலகை வியக்க வைத்தது. அங்கே ஷோனா மொழியில் இந்த நோய்க்கு வழங்கும் பெயர் குஃபுங்கிசிசா. பொருள்: அதிகம் யோசிப்பது. திரிங்காப்பின் பெண்மணி "ஒரே யோசனையா இருக்கு" என்றாரே, அதே சொல்.

மலைக்கு வேண்டியது

கேமரன் மலைக்கு இந்தத் தேவை புதிதல்ல. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் தி. மணியம் 1988லேயே பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் இந்த மலைவாசத்தலத்தின் தற்கொலைகளையும் தற்கொலை முயற்சிகளையும் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். விகிதம் அதிகமாக இருந்தது. இந்தியச் சமூகத்தினரின் பங்கு கூடுதலாக இருந்தது. விவசாய இரசாயனங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பெரும் ஆபத்து என்று தெரிந்தது. சுற்றுலாப் பயணிகள் பச்சை விரிப்பைப் படம் பிடித்துக்கொண்டு போன அதே மலையில் நிகழ்ந்த துயரம். அதை எண்ணிப் பதிவு செய்த அந்தக் கட்டுரைக்குத் தோட்டத்துத் தமிழர்கள் கடன்பட்டிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நிறைய மாறிவிட்டது. கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் இப்போது நேப்பாளம், வங்காளதேசம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். தோட்டத்துப் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். 2020ல் பாராகுவாட் களைக்கொல்லி நாடு முழுதும் தடை செய்யப்பட்டது. 2023ல் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 309 நீக்கப்பட்டது. உதவி தேடுபவர் இனிப் போலீசுக்குப் பயப்பட வேண்டியதில்லை. அதே 2023ன் தேசியச் சுகாதார ஆய்வு, 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய பத்து லட்சம் பேருக்கு, மனச்சோர்வு இருப்பதாகக் கணக்கிட்டது. மருத்துவ உளவியலாளர்கள் பெரும்பாலும் நகரங்களில். ஒரு மணி நேரப் பேச்சுக்காக மலையிறங்கி ஈப்போ போய் வர ஒரு நாள் கூலி போகும். தமிழில் பேசி அழ ஆள் கிடைப்பது அதனினும் அரிது.

கோவாவின் பாடம் இங்கேதான் பொருந்துகிறது. பள்ளிப் படிப்பு முடித்த, ஊரார் நம்பும், காது கொடுத்துக் கேட்கத் தெரிந்த ஒரு பெண் திரிங்காப்பிலேயே கிடைப்பார். அவருக்குப் பயிற்சியும், வாரந்தோறும் அவர் வேலையைக் கேட்டுத் திருத்தும் ஒரு குழுவும், கடினமான நேரத்தில் அழைக்க ஒரு மருத்துவரும் வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் ஆறுதல் பேச்சாகிவிடும். புதிதாக வந்த தொழிலாளர்களுக்கு அவர்கள் மொழியில் இதே ஏற்பாடு வேண்டும். அவர்களின் தனிமை நம் பாட்டன் பாட்டி இந்த மலையேறிய காலத்துத் தனிமையேதான்.

எல்லைகளையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கோவாவில் சிகிச்சை பெற்றவர்களிலும் மூன்றில் ஒருவருக்கு மேல் மூன்று மாதத்தில் தேறவில்லை. அவர்களுக்கு மருந்தோ வேறு சிகிச்சையோ தேவைப்படலாம். மருந்து சாப்பிடுவது தோல்வி அல்ல. குரல்கள் கேட்பவருக்கும், எதார்த்தத்தோடு தொடர்பு அறுந்தவருக்கும் மருத்துவமனைதான் முதல் வாசல். உயிரை விடும் எண்ணம் வந்தவரைத் தாளும் பேனாவும் கொடுத்துத் தனியே விடக் கூடாது. சென்னையும் கொழும்பும் உட்பட ஐந்து நகரங்களில் 1867 பேரிடம் உலகச் சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2008ல் வெளியானது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களோடு ஒரு மணி நேரம் பேசி, பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை விசாரித்தார்கள். அந்தக் குழுவில் தற்கொலையால் இறந்தவர்கள் 0.2 சதவீதம், விசாரிக்கப்படாத குழுவில் 2.2 சதவீதம். "எப்படி இருக்கீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்பது உயிரைப் பிடித்து நிறுத்தும். மலேசியாவில் பிஃப்ரண்டர்ஸ் 03-76272929, சுகாதார அமைச்சின் ஹீல் 15555, இந்தியாவில் டெலி மானஸ் 14416 ஆகிய எண்களில் கேட்க ஆள் இருக்கிறது.

இன்னொரு எல்லை தோட்டத்துக்கே உரியது. செயலே மருந்து என்றதும் "வேலை செய்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று யாராவது புரிந்துகொண்டால், அதைவிடப் பெரிய தவறு இல்லை. அந்தப் பெண்மணி நாற்பது வருடம் உழைத்தவர். அவரிடம் இல்லாதது உழைப்பு அல்ல. சங்கு ஊதினால் எழுந்து, கங்காணி காட்டிய நிரையில் நின்று, நிறுவைக்காரர் சொன்ன எடையை ஏற்றுக்கொண்டு கழிந்த நாட்கள் அவை. வேலை நின்ற அன்று, நாளுக்கு உருவம் கொடுத்துக்கொண்டிருந்த எல்லாமும் சேர்ந்து நின்றுவிட்டன. தன் நேரத்தைத் தானே பங்கிட்ட பழக்கம் அவருக்கு வாய்த்ததே இல்லை. செயலூக்கச் சிகிச்சை அவரிடம் இன்னும் கொஞ்சம் வேலை கேட்கவில்லை. இந்தப் பதினேழு கட்டங்களில் உங்களுக்குத் திருப்பித் தருவது எது என்று கேட்கிறது. அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆறாவது வாரத் தாளை எடுத்துப் பார்ப்போம். ஐந்து மணிக் கட்டத்தில் இன்னும் "படுக்கை, 3" என்றுதான் இருக்கிறது. பதினொரு மணியில் "மகள் கூப்பிட்டாள், பேசினேன், 5". செவ்வாய்க்கிழமை நாலு மணிக் கட்டம் காலி. மழை, பூ வரவில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணியில், சாய்ந்த எழுத்தில், "சரம், மூன்று முழம், கோயிலுக்குக் கொண்டு போனேன்". பக்கத்தில் எழுதிய 6ஐ அடித்துவிட்டு 7 என்று போட்டிருக்கிறார். தன் நாளின் கணக்கை அவரே எழுதி, அவரே திருத்தியிருக்கிறார்.